மைக்கைப் பிடிச்சதும் எல்லாம் மறந்து போச்சு!

கருத்துக் கேட்புக் கூட்டம், கமிட்டி, கமிஷன்னு அதிகாரிங்க முன்னாடி எழுந்து நின்னு பேச வேண்டிய இடங்களைப் பத்தி இந்த தடவை நிறைய கேள்வி வந்திருக்கு. ஒரே விஷயத்தை ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, எங்க ஊர்ல ஏற்கனவே ரெண்டு கல் குவாரி இருக்கு, இப்ப மூணாவது வருது. கருத்துக் கேட்புக் கூட்டம்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. போன தடவை இதே மாதிரி கூட்டத்துல எனக்கு மைக் கொடுத்தாங்க. ராத்திரி பூரா மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தது எல்லாம் மறந்து போய், "எங்களுக்கு குவாரி வேணாம், எங்க புள்ளைங்க வாழணும்"னு கத்திட்டு வந்து உட்கார்ந்துட்டேன். கைதட்டு பலமா இருந்துச்சு, ஆனா குவாரி வந்துருச்சு. இந்த தடவை என்ன பேசறது?
– பேர் போட வேணாம்னு கேட்ட வாசகி, கரூர் மாவட்டம்

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அந்த ஹால்ல உட்கார்ந்திருக்கிற யாரும் அந்த குவாரிக்கு சுற்றுச்சூழல் அனுமதி தரப் போறதில்ல. மேடையில கலெக்டரோ அவருக்குப் பதிலா வர்ற அதிகாரியோ தலைமை தாங்குவாங்க, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து ஆளு பக்கத்துல இருப்பாரு, அவங்க வேலை கூட்டத்தை நடத்தி யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி அனுப்புறது மட்டும்தான். முடிவு எடுக்கிறவங்க சென்னையில, மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துலயும் அதோட நிபுணர் குழுவுலயும் இருக்காங்க. அவங்க உங்க முகத்தைப் பார்த்ததில்ல, கைதட்டலும் அவங்க காதுல விழல. அவங்க மேஜைக்குப் போறது மினிட்ஸ்ங்கற கூட்டக் குறிப்பு, வீடியோ, அப்புறம் "மக்கள் கேட்டது – கம்பெனி பதில்"னு ரெண்டு கட்டம் போட்ட ஒரு டேபிள்.

இப்ப நீங்க கத்தினது அந்த டேபிள்ல எப்படி விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இடது பக்கம் "திட்டத்திற்கு எதிர்ப்பு தெரிவித்தார்". வலது பக்கம் "பசுமை வளையம் அமைக்கப்படும், உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பில் முன்னுரிமை". முடிஞ்சுது கதை. அதுக்கு மேல யாரும் எதையும் தேட வேண்டியதில்ல.

அதே இடத்துல இப்படிக் கேட்டிருந்தா? "எங்க தெரு நத்தம், சர்வே நம்பர் இன்னது, குவாரி எல்லைக்கல்லிலேர்ந்து எங்க கடைசி வீடு 220 மீட்டர். உங்க ரிப்போர்ட்ல இத்தனாம் பக்கத்துல பக்கத்துக் குடியிருப்பு 600 மீட்டர்னு போட்டிருக்கு. எது சரி?" (ரிப்போர்ட்னா, குவாரியால என்ன பாதிப்பு வரும்னு கம்பெனி தர்ற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை.) இதுக்கு பசுமை வளையம், சுத்தி மரம் நடறோம்னு பதில் எழுத முடியாது. தமிழ்நாடு சிறுகனிம விதிகள்ல குடியிருப்புலேர்ந்து 300 மீட்டருக்குள்ள கல் குவாரிக்கு குத்தகை தரக்கூடாதுன்னு இருக்கு. குடியிருப்புன்னா ரெவின்யூ ரெக்கார்டுல ஊர் இடம், வீட்டு மனைன்னு இருக்கிறது, இல்ல அப்ரூவல் வாங்கின லேஅவுட். அதனாலதான் "எங்க வீட்டுக்குப் பக்கத்துல"ன்னு மொட்டையா சொல்லாம சர்வே நம்பரோட சொல்லுங்கன்னு நான் போற இடமெல்லாம் கத்திக்கிட்டு இருக்கேன். வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு ரெண்டு நடை நடந்தா அந்த பேப்பர் கிடைச்சுரும். (ரெண்டுன்னு சொல்றது பேச்சுக்கு, நாலு நடைன்னு வெச்சுக்கோங்க.)

உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு குவாரி இருக்கறது இன்னொரு பெரிய பாயிண்ட். ஒண்ணுக்கொண்ணு 500 மீட்டருக்குள்ள இருக்கிற குவாரிங்களை சேர்த்து ஒரே தொகுப்பாத்தான் பார்க்கணும். மூணும் ஒரே நேரத்துல வெடி வெச்சா என்ன தூசி, மூணோட டிப்பரும் ஒரே ரோட்டுல போனா எத்தனை வண்டின்னு ரிப்போர்ட்ல கணக்கு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அது ஒண்ணை மட்டுமே உங்க மூணு நிமிஷமும் பேசலாம்.

ரிப்போர்ட்டை எங்க பார்க்கிறதுன்னு கேப்பீங்க. கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி நோட்டீஸ் போடணும்னு 2006 செப்டம்பர் 14-ல வந்த மத்திய அரசோட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லுது. அந்த 30 நாளும் வரைவு ரிப்போர்ட் கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து மாவட்ட ஆபீஸ் மாதிரி இடங்கள்ல பார்வைக்கு இருக்கணும், சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். முந்நூறு பக்கத்தைப் பார்த்து மலைக்காதீங்க. முதல்ல உங்க ஊர் மேப் வர்ற பக்கம், அப்புறம் தண்ணி பத்தின அத்தியாயம், அப்புறம் ரோடு. உங்களுக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரிஞ்ச ஓடை, கம்மாய், போர்வெல் ஆழம் எல்லாம் அதுல சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, மரஞ்செடி லிஸ்டுல உங்க ஊர்ல யாரும் கண்ணால பார்க்காத மரம் இருந்தா அதையும் குறிச்சு வெச்சுக்கோங்க. சிரிக்காதீங்க, மகாராஷ்டிராவுல ரத்னகிரி பக்கம் ஒரு பாக்ஸைட் சுரங்கத்துக்கு எழுதின ரிப்போர்ட்ல ரஷ்யா சுரங்கத்து ரிப்போர்ட்டை அப்படியே தூக்கி ஒட்டியிருந்தது வெளியே வந்து நாறிப் போச்சு.

பேசும்போது பேரு, ஊரு, அங்க எத்தனை வருஷமா இருக்கீங்க, இதை மட்டும் சொல்லிட்டு நேரா விஷயத்துக்கு வந்துருங்க. "பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களே, வட்டாட்சியர் அவர்களே"ன்னு மேடையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் மாலை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு நிமிஷம் போயிரும். குறளும் வேணாம். நானும் முதல் கூட்டத்துல குறள் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், நீர் இன்றி அமையாது உலகுன்னு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மினிட்ஸ்ல வள்ளுவரும் இல்ல, நானும் இல்ல. ஒரு ஆளு ஒரு விஷயம்னு முந்தின நாளே தெருவுல உட்கார்ந்து பிரிச்சுக்கோங்க. ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் வெடி, இன்னொருத்தர் ஸ்கூல் விடுற நேரத்துல ஓடுற டிப்பர். பத்து பேரும் பத்து விஷயத்தையும் பேசினா டேபிள்ல எல்லாம் ஒரே வரியா சுருங்கிரும்.

கடைசியா "என் கேள்வியை அப்படியே மினிட்ஸ்ல பதியணும், கம்பெனி எழுத்துல பதில் சொல்லணும்"னு வாய் விட்டுக் கேளுங்க, வீடியோ ஓடிட்டு இருக்கும், நீங்க கேட்டது அதுல பதிஞ்சுரும். பேசினதை எழுதி ரெண்டு காப்பி கொண்டு போய் ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கோங்க. சீல் போட மாட்டேன்னா அன்னிக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருங்க.

இவ்வளவு செஞ்சாலும் குவாரி நின்னுரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 2009-ல கோவா சுரங்க வழக்கு ஒண்ணுல டெல்லி ஐகோர்ட், மக்கள் சொன்ன ஆட்சேபணையை நிபுணர் குழு பரிசீலிக்கணும், ஏத்துக்கலேன்னா ஏன்னு காரணம் எழுதணும்னு தெளிவா சொல்லிருக்கு. அனுமதி கொடுத்த 30 நாளுக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போகலாம், அங்க வக்கீல் முதல்ல கேக்கிற பேப்பர் இந்த மினிட்ஸ்தான். அதுல உங்க சர்வே நம்பர் இருக்கணும்.

பேச ஆரம்பிச்சா தொண்டை அடைச்சு அழுகை வந்துருது. கேலி பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு.
– ஒரு வாசகி, அரியலூர்

வரட்டும், அழுங்க. அழறதுல தப்பே இல்ல, அழுதுட்டு சொல்ல வந்ததைச் சொல்லாம உட்கார்றதுதான் நஷ்டம். மனப்பாடம் பண்ணாதீங்க, பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி கையில வெச்சு வாசிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வீட்டுல போன்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டு தடவை கேட்டுப் பாருங்க, எந்த வரியில தொண்டை அடைக்குதுன்னு தெரியும், அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளிருங்க. அவ்வளவுதான்.

கம்பெனி வேன் வெச்சு ஆள் கூட்டிட்டு வந்து முன் வரிசையில உட்கார வெச்சிடறாங்க. நாங்க பேசினா சத்தம் போடறாங்க. பதிலுக்கு நாங்களும் சத்தம் போட்டா போலீஸ் வருது. என்னதான் செய்யறது?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

அண்ணே, இது ஓட்டெடுப்பு இல்ல. ஆதரவு இருநூறு, எதிர்ப்பு நாப்பதுன்னு எண்ணிப் பார்த்து அனுமதி கொடுக்கிற முறையே கிடையாது, கூட்டத்துக்கு இத்தனை பேர் வரணும்னு குறைஞ்சபட்சக் கணக்கும் கிடையாது. அதனால அவங்க வேன்ல கூட்டிட்டு வர்ற ஆளைப் பார்த்து நீங்க டென்ஷன் ஆக வேணாம். வந்த ஒவ்வொருத்தருக்கும் கேள்வி கேக்க வாய்ப்பு கொடுக்கணும்னு அந்த 2006 அறிவிக்கையில எழுதியே இருக்கு, உங்களுக்கு மைக் வரலேன்னா தலைமை தாங்குற அதிகாரியைப் பார்த்து அதைச் சொல்லுங்க.

சத்தம் போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு 2023 ஜனவரி 31 சென்னை கலைவாணர் அரங்கத்தை ஞாபகப்படுத்தறேன். மெரினா கடலுக்குள்ள பேனா நினைவுச் சின்னம் கட்டுறது பத்தின கருத்துக் கேட்பு. யார் பக்கம் நியாயம்ங்கற பஞ்சாயத்துக்கு நான் வரல. ரெண்டு பக்கமும் கூச்சல், டிவியில திருப்பித் திருப்பி ஓடினது அந்தக் கூச்சல்தான். மீனவங்க எழுந்து கடலைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு இப்ப பத்து பேரைக் கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

சத்தம் வந்தா பேச்சை நிறுத்திட்டு கலெக்டரைப் பார்த்து சும்மா நில்லுங்க. "அமைதியானதும் பேசறேன் சார், அதுவரைக்கும் என் நேரத்தை நிறுத்தி வெச்சுக்கோங்க"ன்னு சொல்லுங்க. அந்த மௌனம் வீடியோவுல நல்லா விழும். நான் பார்த்த ஒரு கூட்டத்துல ஒரு அம்மா இப்படி ரொம்ப நேரம் நின்னுச்சு, கடைசியில சத்தம் போட்டவங்களே ஒருத்தரை ஒருத்தர் அடக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொண்ணு, யாரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிராதீங்க. கூட்டம் முடியறப்ப அன்னிக்கு பேசினதோட சுருக்கத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி உள்ளூர் பாஷையில வாசிச்சு விளக்கி, அப்புறம்தான் கையெழுத்துப் போடணும். பாதி ஊர்கள்ல அந்த நேரத்துல ஹால்ல காலி நாற்காலிதான் இருக்கும், பிரியாணிப் பொட்டலம் வெளியே கொடுத்துட்டு இருப்பாங்க. அப்புறம் "பொதுமக்கள் வேலைவாய்ப்பு கோரினர்"னு மினிட்ஸ் வந்தா யாரைக் குத்தம் சொல்றது? நாலு பேராவது கடைசி வரைக்கும் இருங்க, விட்டுப் போனதை அங்கேயே எழுந்து சொல்லுங்க.

கரண்ட் கட்டணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேக்குது. 2022-ல கோவை கூட்டத்துக்கு நானும் போனேன். எல்லாரும் வேணாம்னுதான் சொன்னோம், அடுத்த மாசமே ஏத்திட்டாங்க. இது சும்மா நாடகம்தானே?
– சின்னதா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற வாசகர், கோவை

உங்க கோபம் நியாயம்தான், ஆகஸ்ட்ல கோவை, மதுரை, சென்னைன்னு கேட்டுட்டு செப்டம்பர் 10-லேர்ந்து புதுக் கட்டணம் வந்துருச்சு, எனக்கும் பில்லைப் பார்த்து வயிறு எரிஞ்சுது. பாதி நாடகம்னு வேணா சொல்லுங்க, மீதிப் பாதியை விட்றாதீங்க. மக்கள் ஆலோசனை, ஆட்சேபணை எல்லாத்தையும் பரிசீலிச்சுத்தான் ஆணையம் உத்தரவு போடணும்னு 2003 மின்சாரச் சட்டத்தோட 64-ஆவது பிரிவு சொல்லுது. அந்த உத்தரவைப் படிச்சுப் பாருங்க, யார் என்ன ஆட்சேபணை சொன்னாங்க, மின்வாரியம் என்ன பதில் சொல்லுச்சு, ஆணையம் என்ன நினைக்குதுன்னு பக்கம் பக்கமா இருக்கும். 45 நாளுக்குள்ள டெல்லியில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போறவங்க அந்தப் பக்கங்களை வெச்சுத்தான் வாதாடுவாங்க.

"ஏழை மக்கள் எப்படித் தாங்குவாங்க"ன்னு ஆயிரம் பேர் சொன்னா அது அங்க ஒரு வரி. நீங்க உங்க ஒர்க்‌ஷாப்போட பன்னெண்டு மாச பில்லைக் கொண்டு போய், மெஷின் ஓடாத மாசத்துலயும் நிலைக்கட்டணம் இவ்வளவு கட்டினேன், புதுக் கணக்குல இவ்வளவு ஆகும், என் லேத்து வேலைக்குக் கிடைக்கிற கூலியில அது இத்தனை பங்குன்னு சொன்னீங்கன்னா, அது உங்க ஒருத்தரோட கணக்கு, வேற யாராலயும் சொல்ல முடியாது. ஆணையத்துல இருக்கிறவங்க நாள் பூரா நம்பர் பார்க்கிறவங்க, நம்பர்ல பேசினா நிமிர்ந்து உட்காருவாங்க.

நாடாளுமன்றத்துல ஒரு மசோதாவை கூட்டுக்குழுவுக்கு அனுப்பிருக்காங்க, பொதுமக்கள் கருத்து அனுப்பலாம்னு விளம்பரம் பார்த்தேன். நம்ம மாதிரி ஆளுங்க எழுதினா படிப்பாங்களா? நேர்ல போய் பேச முடியுமா?
– ஆசிரியை, மதுரை

விளம்பரத்தை இன்னொரு தடவை பொறுமையா படிங்க டீச்சர். பெரும்பாலும் 15 நாள்தான் டைம் இருக்கும், ரெண்டு காப்பி, இங்கிலீஷ்ல இல்ல இந்தியில. தமிழ்ல ஏன் கூடாதுன்னு எனக்கும் எரிச்சல்தான். 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு புது வரைவு வந்தப்ப இதே பிரச்சினைதான், அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழியிலயும் மொழிபெயர்த்துப் போடுங்கன்னு டெல்லி ஐகோர்ட் சொல்ல வேண்டியிருந்துச்சு. அது நடக்கற வரைக்கும் இங்கிலீஷ் தெரிஞ்ச பழைய ஸ்டூடண்ட் ஒருத்தரைப் பிடிங்க.

மசோதாவையே மொத்தமா திட்டி எழுதாதீங்க. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, அதுல எந்த வார்த்தை, அதுக்குப் பதிலா என்ன வார்த்தை வரணும், ஏன்னு எழுதுங்க. குழுவோட ஆபீஸ்ல பிரிவு வாரியாத்தான் தொகுப்பாங்க, உங்களோடது எங்க ஒட்டணும்னு அவங்களுக்குத் தெரியணும். நேர்ல சாட்சியம் சொல்ல விரும்பினா அதையும் கடிதத்துல தனியா குறிப்பிடுங்க, கூப்பிடறதும் கூப்பிடாததும் குழு இஷ்டம். முக்கியமா, அனுப்பினதை ஃபேஸ்புக்ல போட்றாதீங்க, குழுவுக்குக் கொடுத்தது குழுவோட ஆவணம், ரகசியம்னு அந்த விளம்பரத்துலயே பொடி எழுத்துல இருக்கும், மீறினா நாடாளுமன்றத்தோட உரிமையை மீறிட்டீங்கன்னு பிரச்சினை வரும். குழு சாட்சியம் கேக்கிற கூட்டமும் மூடின அறையிலதான் நடக்கும்.

நம்ம சட்டமன்றத்துல மசோதா பெரும்பாலும் அதே கூட்டத்தொடர்ல வந்து அதே கூட்டத்தொடர்ல நிறைவேறிருது, நடுவுல நாம மூக்கை நுழைக்க இடமே இல்ல. மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது ரோடு, பாலம், பட்டா மாதிரி விஷயம்னா கொடுத்துப் பாருங்க.

என் மக கலிஃபோர்னியாவுல இருக்கா. அங்க சட்டசபை கமிட்டியில ஒரு மசோதாவுக்கு ஆதரவா பேசப் போறேன்னு சொல்றா. சிட்டிசன் இல்லாதவ பேசலாமா? பிரச்சினை ஆகுமோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.
– ஒரு அம்மா, திருச்சி

தூங்குங்கம்மா. அங்க கமிட்டியில பேச குடியுரிமை வேணும்னு கட்டாயம் இல்ல. ஆனா மக மனசுல என்ன நினைச்சிருக்கான்னு கேளுங்க, கலிஃபோர்னியா தலைநகர் சாக்ரமெண்டோவுல ரெண்டு விதம் உண்டு. மசோதாவுக்கு ஆதரவா ரெண்டு பேர், எதிர்ப்பா ரெண்டு பேர், இவங்களுக்குத்தான் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் மாதிரி பேச விடுவாங்க, அவங்களை முன்கூட்டியே முடிவு பண்ணிருப்பாங்க. மத்தவங்க எல்லாம் வரிசையில நின்னு பேரு, அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா, அவ்வளவுதான் சொல்லலாம். விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா தலைவர் நிறுத்திருவாரு. 2023-ல சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிற எஸ்பி 403 மசோதாவுக்கு நம்ம ஊர் ஆளுங்க உட்பட ரெண்டு பக்கமும் நீள வரிசை நின்னுச்சே, அது இப்படித்தான். மசோதா ரெண்டு அவையிலயும் நிறைவேறி, அக்டோபர் 7-ம் தேதி கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணிட்டாரு, அதாவது சட்டமாக விடாம நிராகரிச்சுட்டாரு. மணிக்கணக்குல வண்டி ஓட்டிட்டுப் போய் பத்து செகண்ட் பேசினதுக்கு இதுவான்னு நிறைய பேருக்கு வருத்தம், இன்னொரு பக்கத்துக்கு சந்தோஷம்.

அதனால அவ கதையைச் சொல்லணும்னா முன்னாடியே கடிதமா எழுதி கமிட்டி போர்ட்டல்ல ஏத்திரச் சொல்லுங்க. வரிசையில நின்னு பேர் சொல்றதோட அதையும் சேர்த்து செய்யட்டும். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி, வாஷிங்டன் மாநிலத்துல வீட்டுலேர்ந்தே ஆன்லைன்ல பேசலாம், ஹியரிங் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடி வரைக்கும் பதிஞ்சா போதும், எழுத்துல கொடுக்கறதுக்கு ஹியரிங் ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் 24 மணி நேரம் இருக்கு.

எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ல நடக்கப் போற கருத்துக் கேட்புக்கு நானும் வர்றேன்னு அடம் பிடிக்குது. கூட்டிட்டுப் போகலாமா, இல்ல கூட்டத்துல எதையாவது உளறி வெச்சிருமா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

கூட்டிட்டுப் போப்பா, முதல் ஆளா பேச விடு.

நான் போன ஒரு கூட்டம், ஊர் பேர் வேணாம். ரிப்போர்ட்ல அந்த இடத்துல ஓடையே இல்லன்னு போட்டிருந்தாங்க. நாங்க எல்லாம் மேப்பை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தோம், கம்பெனி கன்சல்டன்ட் இங்கிலீஷ்ல ஸ்லைடு காட்டிட்டு இருந்தாரு. ஒரு பாட்டி எழுந்து மைக்கை வாங்கி, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் அந்த ஓடையிலதான் துணி தொவச்சேன், தண்ணி இல்லாமயா கவர்மெண்டு அங்க பாலம் கட்டுச்சு? போய் பாரு, பாலத்து மேல வருசம் எழுதிருக்கு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துருச்சு. தலைமை தாங்கின அதிகாரி பக்கத்துல இருந்தவரைப் பார்த்து "அந்த பாலத்து நம்பரை எழுதிக்கோங்க"ன்னாரு.